பத்து வினாடியும் ஏழு உயிரும்

2025 டிசம்பர் 7ஆம் திகதி அபுதாபியில் முடிந்துபோன ஒரு பந்தயத்துக்கு ஹட்டன் மல்லியப்புச் சந்தியில் இன்னமும் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கிறார்கள். லாண்டோ நொரிஸ் 423 புள்ளி. மெக்ஸ் வெர்ஸ்டப்பன் 421. ஒஸ்கார் பியாஸ்ட்ரி 410. இருபத்து நான்கு பந்தயங்கள் ஓடி, இரண்டே இரண்டு புள்ளியில் போர்முலா வன் உலகப் பட்டம் கைமாறியது. டித்வா புயல் எங்கள் மலைகளைச் சரித்துவிட்டுப் போய் அப்போது பத்து நாள்தான். ரயில் பாதை மண்ணுக்குள் கிடந்தது, பாதி ஊருக்கு வெளிச்சமில்லை. அப்படியிருந்தும் போனில் சார்ஜ் மிச்சமிருந்த பையன்கள் அந்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. சாவு வீட்டிலும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற நாடு இது.

மலைநாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிதுமல்ல. மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் கார்களைத் தோட்டத்துப் பாதையில் ஏற்றிப் பார்த்த விளையாட்டு அது. ஏப்ரல் வசந்தகாலம் வந்தால் நுவரெலியாக் குளக்கரையில் ஓட்டம், ரதல்லயில் ஏற்றம், அந்தப் பக்கம் தியத்தலாவையில் புழுதிப் பந்தயம். மற்ற நாட்களில் கொழுந்து லொறி முனகிக்கொண்டு ஏறும் வளைவில் அன்று மட்டும் ஓட்டக் கார்கள் சீறும். ஸ்டியரிங்கில் உட்காரும் வாய்ப்பு லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததில்லை. வேடிக்கை பார்க்கும் உரிமை மட்டும் தாராளமாகக் கிடைத்தது. தேயிலைச் சரிவில், வேலியில்லாத வரம்பில், தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக நின்று பார்த்திருக்கிறோம்.

என்னை எழுத வைத்தது வேறொன்று. வெர்ஸ்டப்பனுக்குப் பத்து வினாடித் தண்டனை நியாயமா என்று தொடங்கும் பேச்சு, ஏப்ரல் நெருங்க நெருங்க, நம்மூர்ப் பந்தயங்களின் பக்கம் திரும்புகிறது. திரும்பியதும் எல்லோரும் ஒரே மருந்தைச் சொல்கிறார்கள்: சாரதிகளை இறுக்குங்கள், தண்டனையைக் கூட்டுங்கள், லைசென்ஸைப் பறியுங்கள், எல்லாம் சரியாகிவிடும். சந்தியில் நிற்பவர் சொன்னால் விட்டுவிடலாம். பொறுப்பிலிருக்கும் பெரியவர்களும் இதையே சொல்கிறார்கள். தண்டனை யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியை இந்த மருந்து பந்தோபஸ்தாக மூடி வைத்துவிடுகிறது.

முதலில் அந்த இரண்டு புள்ளியைப் பார்ப்போம். இந்தக் கணக்கில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் பார்சிலோனா. அறுபத்தாறு சுற்றில் அறுபத்து நான்காவது. வெர்ஸ்டப்பன், ஜோர்ஜ் ரசலுக்கு வழி விடுவதுபோல் மெதுவாக்கிவிட்டு, மறுபடி முடுக்கி மோதினார். பத்து வினாடித் தண்டனை, மூன்று தண்டப்புள்ளி. ஐந்தாவதாகக் கோட்டைத் தாண்டியவர் பத்தாவது இடத்துக்குப் போனார். பத்துப் புள்ளி கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்று. ஒன்பது புள்ளி நட்டம். பட்டத்தை இழந்ததோ இரண்டு புள்ளியில். இந்த ஒரு தண்டனையை மட்டும் அழியுங்கள்: வெர்ஸ்டப்பன் 430, நொரிஸ் 423. பட்டம் வெர்ஸ்டப்பனுக்கு.

ஜூலையில் சில்வர்ஸ்டோன். மழை. பாதுகாப்புக் காரின் பின்னால் முதலாவதாக வந்துகொண்டிருந்த பியாஸ்ட்ரி நேர்பாதையில் சட்டென்று பிரேக்கை அழுத்தினார். பத்து வினாடி. நொரிஸ் வென்றார், பியாஸ்ட்ரி இரண்டாவது. இந்தத் தண்டனை இல்லையென்று வைத்து இடத்தை மாற்றிப் போடுங்கள். பியாஸ்ட்ரிக்கு ஏழு ஏறும், நொரிஸுக்கு ஏழு இறங்கும். பியாஸ்ட்ரி 417, நொரிஸ் 416. அப்போது பட்டம் யாருக்கு? இவர்கள் இருவருக்கும் இல்லை. தூரத்தில் தன்பாட்டில் ஐந்தாவதாக ஓடிக்கொண்டிருந்த வெர்ஸ்டப்பனுக்கு, 421உடன். நொரிஸின் அணிக்காரன் மீது விழுந்த தண்டனையை நீக்கினால் பரிசு மூன்றாம் ஆளுக்குப் போகிறது!

நவம்பரில் லாஸ் வேகாஸ். நொரிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி நான்காவது. ஓட்டம் முடிந்து அளந்தால் இருவரின் மெக்லாரன் கார்களின் அடிப்பலகையும் ஒன்பது மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்திருந்தது. இருவருமே தகுதி நீக்கம். நொரிஸுக்குப் பதினெட்டு, பியாஸ்ட்ரிக்குப் பன்னிரண்டு புள்ளி போயிற்று. இதை மட்டும் நீக்கினால் நொரிஸ் 441 புள்ளியோடு பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் சம்பியன். அபுதாபியில் நகம் கடித்திருக்கத் தேவையே இல்லை.

மூன்றையும் சேர்த்து நீக்கினால்? நொரிஸ் 434, வெர்ஸ்டப்பன் 430, பியாஸ்ட்ரி 429. பழையபடி நொரிஸ். அதாவது, எட்டுப் பந்தயம் வென்ற வெர்ஸ்டப்பனும் ஏழேழு வென்ற மற்ற இருவரும் மார்ச் முதல் டிசம்பர் வரை ஓடிய ஓட்டத்தின் முடிவை, எந்தத் தண்டனையை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று மேசையிலிருந்தே மாற்றிவிடலாம். வேகத்தைவிடத் தண்டனைதான் பட்டத்தைத் தீர்மானித்தது என்று நான் சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். காகிதமும் பேனாவும் எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கோபிக்கட்டும்.

அத்தனை கனமான தண்டனை ஒரே அளவுகோலில் விழுந்ததா? சில்வர்ஸ்டோனுக்குச் சில வாரம் முன்பு கனடாவில், பாதுகாப்புக் காரின் பின்னால் ரசல் பிரேக் பிடித்த விதத்தை எதிர்த்து வெர்ஸ்டப்பனின் ரெட் புல் அணி முறையிட்டது. முறைப்பாடு தள்ளப்பட்டது, தண்டனை இல்லை. சில்வர்ஸ்டோனில் அதே வகைக் குற்றத்துக்குப் பத்து வினாடி. சரி, பியாஸ்ட்ரி அழுத்திய அளவு அதிகம் என்று நடுவர்கள் சொல்லலாம், சொன்னார்கள். நெதர்லாந்தில் கார்லோஸ் சைன்ஸுக்கு நடந்ததைக் கேளுங்கள். லியாம் லோசனோடு மோதியதற்குப் பத்து வினாடி, இரண்டு தண்டப்புள்ளி. பிறகு அவருடைய அணி மீளாய்வு கேட்டது. இது ஓட்டத்தில் சகஜமான உரசல், சைன்ஸ் மீது தனிக் குற்றமில்லை என்று அதே நடுவர்கள் ஒப்புக்கொண்டு தண்டப்புள்ளியை நீக்கினார்கள். பத்து வினாடி? அது ஓட்டத்திலேயே அனுபவித்து முடிந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க வழியில்லை.

நம்மவர் ஒருவரின் கதையும் இங்கே சொல்லப்பட வேண்டும். 2012 மார்ச், மலேசியாவின் செபாங். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் களத்திலேயே மெதுவான கார்களில் ஒன்றான எச்.ஆர்.டி.யை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று இரண்டு உலக சம்பியன்கள் அவரோடு உரசினார்கள். ஜென்சன் பட்டன் தானாக வந்து முட்டினார், தன் பிழை என்று தானே ஒப்புக்கொண்டார். பட்டனுக்குத் தண்டனை இல்லை. பிறகு செபஸ்டியன் வெட்டல் நரேனைத் தாண்டும்போது டயர் கிழிந்து, நான்காம் இடத்திலிருந்து பதினோராம் இடத்துக்குப் போனார். நரேனுக்கு இருபது வினாடித் தண்டனை, மேலதிகமாக உலகத் தொலைக்காட்சிகளில் வசை. அந்த வருடம் வெட்டல் அலொன்சோவை மூன்று புள்ளியில் முந்திப் பட்டம் வென்றார், 281க்கு 278. வெல்லாமல் போயிருந்தால் போர்முலா வன் சரித்திரம் முழுக்க நரேனைத்தான் திட்டித் தீர்த்திருக்கும். கடைசி வரிசைக்காரன் மேல் தண்டனை எழுதுவது எப்போதும் சுலபம்.

இவ்வளவு குறை சொல்லும் நான் போர்முலா வன் நடுவர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். சில்வர்ஸ்டோனில் பியாஸ்ட்ரி மணிக்கு 218 கிலோமீற்றரிலிருந்து 52க்கு இறங்கினார் என்ற கணக்கு நடுவர்களின் தீர்ப்புத் தாளிலேயே இருக்கிறது. எந்த விதி, என்ன ஆதாரம், என்ன தண்டனை, கையெழுத்திட்டவர்கள் யார் என்பதெல்லாம் அன்றே ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. 2025 நடுவில் தண்டனை வழிகாட்டிகளையே பகிரங்கமாக வெளியிட்டார்கள். தீர்ப்புப் பிழையென்றால் எந்த வரியில் பிழை என்று மல்லியப்புச் சந்திப் பையன் விரல் வைத்துக் காட்டலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் அந்த நுட்பமான ஏற்பாட்டின் அடிமட்டத்தில் ஒரு பழைய அநியாயம் கிடக்கிறது. லாஸ் வேகாஸில் காரின் உயரத்தைத் தீர்மானித்தவர் நொரிஸா? பொறியியலாளர்கள். அடிப்பலகை தேய்வதைக் கண்ணாடித் திரைகளில் கண்காணிக்க வேண்டியவர்கள் யார்? அணி. வேண்டுமென்று செய்த குற்றமல்ல என்று நடுவர்களே எழுதினார்கள். பறிபோனதோ சாரதியின் பதினெட்டுப் புள்ளி. நேர்மாறாக, 2021இல் ரெட் புல் செலவு வரம்பை மீறியது உறுதியானபோது என்ன நடந்தது? எழுபது லட்சம் டொலர் அபராதம், காற்றியக்கப் பரிசோதனை நேரத்தில் பத்து வீதக் குறைப்பு, அவ்வளவுதான். பணம் கட்டினார்கள், நடந்தார்கள். சாரதிக்குத்தான் பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு தண்டப்புள்ளி சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை. 2024இல் கெவின் மெக்னுசன் அப்படி பாக்கு பந்தயத்தை இழந்தார். அவர் கடைசியாக உரசிய பியர் கஸ்லியே அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு புள்ளி சேர்ந்து தடைபட்ட அணி முதலாளி ஒருவரைச் சொல்லுங்கள் பார்ப்போம். அப்படியொரு விதியே கிடையாது.

தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க நான் மொனாகோவுக்குப் போக வேண்டியதில்லை. அரைப்பெயர் என்று ஒன்று நமக்குத் தெரியும். விடியக் காலையில் கூடையோடு மலைக்கு ஏறிய பெண், மாலை நிறுவையில் தோட்டம் நிர்ணயித்த கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைந்தால் அன்று அரைப்பெயர்தான், அதாவது அரைநாள் சம்பளம். ஏன் குறைந்தது? பசளை போட்டுக் காலமாகிவிட்டது. புல் வெட்டாமல் மலை காடாகிக் கிடக்கிறது. கால் வைத்தால் அட்டை, கை வைத்தால் குளவி. தேயிலை தளிர்க்காத மலையில் தளிர் எடுக்கச் சொல்லிவிட்டுத் தராசைப் பிடிக்கிறார்கள். கணக்கப்பிள்ளை கோணித் தண்ணீர் என்றும் கூடை நிறை என்றும் இரண்டு கிலோவைக் கழிக்கிறார். பசளை போடாத நிர்வாகத்துக்கு எந்தச் செக்ரோலில் அரைப்பெயர் விழுகிறது? நாட்சம்பளம் 1,350 ஆனபோதும் இந்தக் கேள்வி இருந்தது. 2026 வரவு செலவுத் திட்டம் 1,750 என்று சொன்னபோதும் இருக்கிறது. அந்த 1,750இலும் 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவு, வேலைக்கு வந்தால்தான் உண்டு. குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் படுத்தவளுக்கு அன்றைய 200 ரூபாய் பற்றித் தனியாகப் பேரம் பேச வேண்டும். தண்டனை எப்போதும் கூடை சுமப்பவரின் பேரில் எழுதப்படும், மலையைக் காடாக்கியவரின் பேரில் எழுதப்படாது. மெக்லாரன் பொறியியலாளர்களும் நம் தோட்ட நிர்வாகங்களும் இந்த விஷயத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவை, பொக்ஸ் ஹில் சுப்பர் குரோஸ். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு நடந்த பந்தயம். இலங்கை இராணுவத்தின் பயிற்சிக் கழகமும் மோட்டார் விளையாட்டு அமைப்பும் சேர்ந்து நடத்தியது. நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகவும், பண்டாரவளையிலிருந்தும், பதுளையிலிருந்தும் வான் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போயிருந்தார்கள். புத்தாண்டு விடுமுறை அல்லவா? இருபத்து நான்கு ஓட்டங்கள் என்று திட்டம். பதினேழாவது ஓட்டத்தில் ஒரு கார் ஓடுபாதையில் கவிழ்ந்தது. மஞ்சள் கொடி காட்டினார்கள். பின்னால் வந்த கார்களில் ஒன்று தடம் புரண்டு சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் செத்தார்கள். அதில் ஒரு எட்டு வயதுச் சிறுமி. நான்கு பேர் ஓடுபாதை உதவியாளர்கள், அதாவது கொடி காட்டி மற்றவர்களைக் காப்பாற்ற நின்றவர்கள். காயப்பட்டவர்கள் இருபதுக்கும் மேல்.

அன்று எடுக்கப்பட்ட காணொளியை நாடே பார்த்தது. காருக்கும் சனத்துக்கும் இடையில் என்ன இருந்தது என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். புழுதி இருந்தது. டயர் சுவர் எங்கே? வலை எங்கே? பாதையின் வெளிவளைவில், கார் தவறினால் நேராக வந்து சேரும் அதே இடத்தில், சனம் நெருக்கியடித்து நிற்கிறது. தவறும் கார் வளைவின் வெளிப்பக்கம்தான் போகும் என்பது பந்தயம் நடத்துபவர்களுக்கு அரிச்சுவடி. கொழுந்து லொறிச் சாரதிக்கே தெரிந்த விஷயம்.

அடுத்த நாள் பத்திரிகைத் தலைப்பு: இரண்டு சாரதிகள் கைது.

சாரதிகள் சுத்தமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மஞ்சள் கொடி தெரிந்தும் வேகம் குறைக்காத சாரதிக்குத் தண்டனை உண்டு, இருக்கத்தான் வேண்டும், அதை நீதிமன்றம் பார்க்கட்டும். ஆனால் ஒரு பந்தயக் கார் தடம் புரளும் என்பது எதிர்பார்க்காத சம்பவமா? தடம் புரளும் என்ற அனுமானத்தில்தான் உலகத்திலுள்ள ஒவ்வொரு ஓடுபாதையும் கட்டப்படுகிறது. வெர்ஸ்டப்பன் ரசலை மோதியபோது பார்சிலோனாவில் ஒரு பார்வையாளரின் தொப்பிகூட விழவில்லை. பிழை விட்ட அளவு வெர்ஸ்டப்பனுக்கும் தியத்தலாவைச் சாரதிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நிபுணர்கள் தர்க்கிக்கட்டும். ஒருவருக்கு ஒன்பது புள்ளி போனதற்கும் இன்னொரு இடத்தில் ஏழு உயிர் போனதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வேலியில் இருக்கிறது. வேலி போடுவது சாரதியின் வேலையா?

இராணுவம் ஏழு பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. பொலிஸ் விசாரணை வேறாக நடந்தது. பந்தயத்தை நடத்தியதும் இராணுவக் கழகம், விசாரிக்க உட்கார்ந்ததும் இராணுவக் குழு! சில்வர்ஸ்டோனில் பிரேக் அழுத்திய கணக்கு அன்று மாலையே மல்லியப்புச் சந்திக்கு வந்து சேர்கிறது. வேலிக்கும் ஓடுபாதைக்கும் எத்தனை மீற்றர் இடைவெளி வைக்கச் சொல்லியிருந்தார்கள், யார் அளந்தார்கள், எந்த அதிகாரி அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று யார் முடிவு செய்தார் என்று எழுதிய ஒற்றைத் தாள் பதுளை மாவட்டத்தின் எந்தப் பிரதேச செயலக வாசலில் தமிழில் ஒட்டப்பட்டது? சிறுமியைப் பறிகொடுத்தவர்கள் படித்துப் பார்க்க உரிமையுள்ள தாள் அது. உலகின் மிகப் பணக்கார விளையாட்டு ஒரு பத்து வினாடிக்குக் கொடுக்கும் விளக்கத்தை, எங்கள் அரசு ஏழு உயிருக்குக் கொடுக்க வேண்டாமா?

இதை நான் அதிகம் கேட்கிறேன் என்பவர்கள் இத்தாலியைப் பார்க்கட்டும். 1957 மே 12, மில்லே மிலியா ஓட்டம். சாரதி டி போர்ட்டாகோவின் பெராரி டயர் வெடித்துச் சனத்துக்குள் போனது. அவரும் துணைச் சாரதியும் பார்வையாளர் ஒன்பது பேரும் செத்தார்கள், அதில் ஐந்து பேர் பிள்ளைகள். இத்தாலிய நீதித்துறை யார் மீது கைவைத்தது தெரியுமா? என்சோ பெராரி மீது. நாட்டின் பெருமைக்குரிய முதலாளியை மனிதக்கொலைக் குற்றச்சாட்டில் நிறுத்தினார்கள். 1961இல் அவர் விடுவிக்கப்பட்டார் என்பது உண்மை. கேள்வி மேலே போனது என்பது அதைவிடப் பெரிய உண்மை. அந்தப் பந்தயமும் அந்த வடிவில் அத்தோடு முடிந்தது. 1994இல் இமோலாவில் அயர்டன் சென்னா செத்தபோதும் அப்படியே. அணி முதலாளி பிராங்க் வில்லியம்ஸ், பொறியியலாளர்கள் பட்ரிக் ஹெட், ஏட்ரியன் நியூவி ஆகியோர் நீதிமன்றப் படியேறினார்கள். ஸ்டியரிங் தண்டைப் பிழையாக மாற்றியமைத்ததற்கு ஹெட் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. காலாவதி ஆகிவிட்டதால் தண்டனை இல்லை. ஒருவருமே ஜெயிலுக்குப் போகவில்லை. ஆனால் ஸ்டியரிங் தண்டை வரைந்தவன் முதல் முதலாளி வரை பெயர் பெயராகக் கேள்வி போயிற்று.

போர்த்துக்கலில் 1986இல் ரலி ஓட்டக் கார் சனத்துக்குள் பாய்ந்து மூன்று பேர் செத்தபோது, முன்னணி அணிகளின் சாரதிகள் இனி ஓட மாட்டோம் என்று காரை நிறுத்தினார்கள். சனத்தைக் கட்டுப்படுத்த முடியாத ஓட்டத்தில் ஓட்ட மாட்டோம் என்பது அவர்கள் வாதம். ஏற்பாட்டாளருக்கு வராத புத்தி சாரதிக்கு வந்த நாள் அது. சாரதியை இறுக்கு இறுக்கு என்பவர்கள் இதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே மூன்று வகை எதிர்வாதக்காரர்கள் எழும்புவார்கள். சனம் ஏன் கிட்டப் போய் நின்றது என்பவர் முதல் ஆள். நிற்க விட்டவனைக் கேளுங்கள் ஐயா. பந்தயத்தையே தடை செய்யுங்கள் என்பவர் இரண்டாமவர். மே மாதமானால் வெறிச்சோடும் நுவரெலியாவில் வாடகை அறைக்காரர், சோளம் அவிப்பவர், குதிரை பிடிப்பவர் எல்லோரும் ஏப்ரலை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு, நமக்கென்ன என்பவர் மூன்றாமவர். விளையாடியவர்கள் பணக்காரர்களாக இருக்கலாம். செத்தவர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இவர்களோடு மேலும் மல்லுக்கட்ட எனக்கு இடமில்லை.

இது பந்தயப் பாதையோடு நிற்கும் வியாதியும் அல்ல. 2023 ஜனவரி 20, அதே ரதல்ல, நானுஓயாவுக்குப் போகும் குறுக்குப் பாதை. கொழும்புப் பாடசாலை மாணவரை ஏற்றி வந்த பஸ் இறக்கத்தில் கட்டுப்பாடிழந்து வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் செத்தார்கள். 2025 மே 11, கொத்மலை கெரண்டியெல்ல. கதிர்காமத்திலிருந்து குருணாகல் போன இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆசனங்களின் எண்ணிக்கையைவிட மிகக் கூடுதலான சனம் அதில் இருந்தது. ஒவ்வொரு முறையும் பேச்சு ஒரே தடத்தில் ஓடுகிறது: சாரதி தூங்கினானா, குடித்தானா, வேகமாக வந்தானா. அந்த இறக்கத்தில் கனரக வாகனத்தை விட்டது யார், அத்தனை பேரை ஏற்ற அந்த இரவில் வேறு பஸ் விடாதது யார், வீதியோரத் தடுப்புக்கு ஒதுக்கப்பட வேண்டிய காசு எங்கே என்ற கேள்விகள் மரண விசாரணையின் கதவைத் தாண்டி வெளியே வருவதில்லை. மலைநாட்டில் வீதியில் நடக்கும் மரணங்களில் பாதிக்கு மேல் சாரதிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவர் விட்ட பிழை என்பேன் நான். மறுப்பவர்கள் கோப்புகளைத் திறந்து காட்டட்டும், பிறகு பேசலாம்.

தண்டப்புள்ளி முறை நல்லதென்றால் அதை முழுதாகக் கொண்டுவாருங்கள். ஏற்பாட்டாளருக்கும் ஒரு லைசென்ஸ், அவருக்கும் பன்னிரண்டு புள்ளி. வெளிவளைவில் சனம் நின்றால் மூன்று. தடுப்புச் சுவர் இல்லாமல் ஓட்டத்தைத் தொடங்கினால் ஆறு. உதவியாளர்களைப் பாதுகாப்பில்லாமல் பாதையோரம் நிறுத்தினால் ஆறு. பன்னிரண்டு சேர்ந்தால் அடுத்த ஏப்ரலில் வீட்டில் இருக்கட்டும், அவர் போட்டிருப்பது கோட்டு சூட்டாக இருந்தாலும் சீருடையாக இருந்தாலும் சரி. விசாரணையைப் பந்தயம் நடத்தியவரிடமே ஒப்படைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். தீர்ப்புத் தாளைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் சாரதிகளை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் வரை, நம்முடைய பந்தயத் தண்டனைச் சட்டம் வெறும் அரைப்பெயர்ச் சட்டம்தான்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஏப்ரலில் மகாகஸ்தோட்டையிலோ ரதல்லயிலோ குளக்கரையிலோ பந்தயம் என்று கேள்விப்பட்டால் போங்கள், தடையில்லை. ஆனால் வாசலில் நின்று இரண்டு விஷயம் கேளுங்கள்: பார்வையாளர் பாதுகாப்புக்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயர் என்ன? நாம் நிற்கப்போகும் இடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையில் என்ன இருக்கிறது? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.